ஒரே பட்டை சுகரும் பார்த்து இன்சுலினும் போடுமாம், டைப் 1 குழந்தைக்கு வாங்கலாமா?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 9 வயது. போன ஆடியில் திடீரென்று எடை இறங்கி, ராத்திரி நாலைந்து தடவை எழுந்து எழுந்து தண்ணீர் குடித்து, கடைசியில் மூச்சு வாங்க ஆரம்பித்து ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் டைப் 1 சர்க்கரை நோய், உடம்பில் இன்சுலினே சுரக்கவில்லை என்று தெரிந்தது. இப்போது நாளைக்கு நாலு ஊசி, விரலில் ஆறேழு குத்து. விரல் நுனியெல்லாம் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது, பென்சில் பிடித்தால் வலிக்கிறது என்கிறாள்.

போன வாரம் என் தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். கண்ணாடி மாதிரி ஒரு பட்டையைக் கையில் ஒட்டுகிறார்கள், அது வியர்வையை வைத்தே சுகரைப் பார்த்து, ஏறினால் தானே மருந்தை உள்ளே விட்டுவிடுகிறது, ஊசியே கிடையாது என்கிறார்கள். எங்கள் டாக்டரிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, முதலில் ஒரு சென்சார் (கையில் ஒட்டிக்கொண்டு சுகரை விடாமல் பார்ப்பது) போடுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றார். வெளியே இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், மேற்கொண்டு கேட்க முடியவில்லை.

அந்தப் பட்டை நிஜமா? நிஜமென்றால் எங்கே கிடைக்கும்? இரண்டு வருஷம் பொறுத்தால் இங்கே வந்துவிடுமா? சென்சார் ஒன்று 14 நாளைக்குத்தான், விலை ஐந்தாயிரத்தைத் தொடுகிறது, மாதத்துக்கு இரண்டு வேண்டும். அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்தால் பட்டை வரும்போது வாங்கிக்கொள்ளலாமே என்பது என் மனைவியின் எண்ணம். நான் திருச்சி பக்கம், தனியார் கம்பெனி வேலை. கையில் தாராளமாகப் பணம் இல்லை, அதனால்தான் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

---

இனிப்பில்லாக்காபி எழுதியது:

அண்ணா, எனக்கு 11 வயதில் டைப் 1 வந்தது, இப்போது 33. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் பெண் நன்றாக இருப்பாள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், பென்சில் பிடிக்கிற இரண்டு விரலை விட்டுவிடுங்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கண்டுபிடிக்க மூன்று வருஷம் ஆயிற்று.

பட்டைக்காகக் காத்திருக்காதீர்கள். சென்சார் போடுங்கள். மாதம் இரண்டு முடியாவிட்டால் மாதம் ஒன்று போடுங்கள், மிச்ச நாளுக்கு விரல். நானே ஐந்து வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். அந்த 14 நாளில் நீங்கள் கற்றுக்கொள்வது மீதி 16 நாளைக்கும் உதவும். எனக்கு முதல் சென்சார் காட்டிக்கொடுத்தது காலை இட்லி விஷயத்தை. சாப்பிடுவதற்கு முன்னால் 120, இரண்டு மணி நேரம் கழித்து 150, ஆகா பிரமாதம் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் 45 நிமிஷத்தில் 270-க்குப் போய் இறங்குவது விரல் குத்தில் தெரியவே இல்லை. ஊசியைப் போட்டுவிட்டு உடனே சாப்பிடாமல் கால் மணி நேரம் பொறுத்துச் சாப்பிட்டேன், அந்த மலை பாதியாகக் குறைந்தது. மருந்து அதே, அளவும் அதே. (உங்கள் பெண்ணுக்கு இந்த நேரக்கணக்கை டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், குழந்தைகள் ஊசி போட்ட பிறகு சாப்பிடமாட்டேன் என்று அடம் பிடித்தால் லோ, அதாவது சுகர் ரொம்ப இறங்கி, ஆபத்தாகிவிடும்.)

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எல்லா சென்சாரும் ஒன்றல்ல. முதலில் வந்த ஃப்ரீஸ்டைல் லிப்ரே மாதிரியானவை, போனை அருகில் கொண்டுபோய் ஸ்கேன் செய்தால்தான் எண்ணைக் காட்டும், எட்டு மணி நேரத்துக் கணக்கைத்தான் உள்ளே வைத்திருக்கும், லோ ஆனால் கத்தாது. வேறு சிலவற்றில் எண் தானாகவே போனுக்கு வரும், அலாரம் அடிக்கும், அப்பா அம்மா போனிலும் பார்க்கலாம். 9 வயதுக் குழந்தைக்கு அலாரம் உள்ளதுதான் வேண்டும், அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அப்புறம் ஒட்டும் கதை. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்குப் புது சென்சார் ஒட்டாதீர்கள், சீயக்காய் எவ்வளவு போட்டாலும் பிசுக்கு இருக்கும், இரண்டாம் நாள் ஓரம் தூக்கிக்கொள்ளும். முந்தின நாளே குளித்து முடித்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள். நம் ஊர் வெயிலுக்கு மேலே ஒரு டேப்பும் வேண்டும். ஸ்கூல் பை வார் எந்தத் தோளில் மாட்டுகிறாளோ அதற்கு எதிர்க் கை. கதவு நிலையில் இடித்து நான் பிய்த்துக்கொண்ட சென்சார்களின் விலையைக் கூட்டினால் ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கியிருக்கலாம்.

---

துபாய்மச்சான் எழுதியது:

இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஊசியே இல்லாமல் சுகர் காட்டும் வாட்ச் வந்துவிட்டதே, இங்கே கடையில் மலிவாகக் கிடைக்கிறது, வேண்டுமென்றால் சொல்லுங்கள், வருகிறவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

---

இனிப்பில்லாக்காபி எழுதியது:

மச்சான், கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் ஒருத்தர் அப்படி ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தார். சும்மா இருக்காமல் அதை ஒரு வாழைக்காயில் கட்டிப் பார்த்தேன். 104 என்று காட்டியது. வாழைக்காய்க்குச் சுகர் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

---

ஊசிமுனை எழுதியது:

வாட்ச் பேச்சு வந்ததால் அதையே முதலில் முடித்துவிடுகிறேன். தோலைத் துளைக்காமல் தானாகவே சுகர் அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை, அவற்றை நம்பி மருந்து எடுக்காதீர்கள் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரிக்கையே வெளியிட்டது. சென்சாரின் எண்ணை வாங்கிக் காட்டும் வாட்ச் வேறு, அது வெறும் திரைதான். தானே அளக்கிறேன் என்று சொல்லும் வாட்சை வைத்து டைப் 1 குழந்தைக்கு இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

இப்போது காவிரிக்கரை கேட்ட பட்டை. நான் நுண்ணூசிகள் பற்றி ஆராய்ச்சி செய்யும் மாணவன், டாக்டர் அல்ல. நீங்கள் பார்த்தது அநேகமாகத் தென்கொரியாவில் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் கிம் டே-ஹியாங் குழு 2016-இல் வெளியிட்ட கிராஃபீன் (மிக மெல்லிய கரிப் படலம்) பட்டையாக இருக்கும், அந்தப் படங்கள் இன்னும் வாட்ஸாப்பில் சுற்றிக்கொண்டேதான் இருக்கின்றன. பட்டை நிஜம்தான். வியர்வையை உறிஞ்சி அதிலுள்ள குளுக்கோஸை அளக்கிறது, வியர்வையின் அமிலத்தன்மையும் வெப்பமும் மாறினால் கணக்கு பிசகும் என்பதால் அவற்றையும் சேர்த்து அளந்து திருத்திக்கொள்கிறது, சுகர் ஏறினால் ஒரு சின்ன ஹீட்டர் சூடாகி நுண்ணூசிகளின் மேலிருக்கும் பூச்சு உருகி மருந்து இறங்குகிறது. அழகான வேலை, நாங்களெல்லாம் வாய் பிளந்து பார்த்தோம். ஆனால் வீடியோக்களில் இரண்டு விஷயத்தைச் சொல்வதில்லை. மருந்து இறக்கிக் காட்டியது சுண்டெலிகளில். இறங்கிய மருந்து மெட்ஃபார்மின். அது டைப் 2-க்கு மாத்திரையாகக் கொடுப்பது, உங்கள் மகளுக்குத் தேவை இன்சுலின். அதாவது அந்தப் பட்டை நாளைக்கே மெடிக்கல் ஷாப்பில் தொங்கினாலும் உங்களுக்கு உதவாது.

ஏன் இன்சுலினையே வைக்கக்கூடாது என்று கேட்பீர்கள். இதுதான் இந்தத் துறையின் மொத்தத் தலைவலி. தோலின் வெளிப்படலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு கனம்தான், ஆனால் காவல் கெட்டி. மூலக்கூறு எடை ஏறத்தாழ 500 டால்டனுக்குள் இருந்தால்தான் நுழைய முடியும். சிகரெட்டை நிறுத்துவதற்கு ஒட்டுகிறார்களே, அந்தப் பட்டையில் இருக்கும் நிகோடின் 162. கடுமையான வலிக்கு ஒட்டும் ஃபென்டனில் 336. இவை சுலபமாக உள்ளே போகும். இன்சுலின் 5,800. வாசல் கதவில் யானையை நுழைக்கிற கதை. அதனால் பட்டைக்கும் ஏதோ ஒரு ஊசி வேண்டும், நுண்ணூசி என்றால் அவ்வளவாக வலிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். நுண்ணூசியிலேயே இன்சுலினை வைத்து, சுகர் ஏறினால் மட்டும் அவிழ்கிற மாதிரி அமெரிக்காவில் ஜென் கூ குழு செய்திருக்கிறது, 2015-இல் சுண்டெலி, 2020-இல் சிறு பன்றி. அதில் பேட்டரியும் கிடையாது, சென்சாரும் கிடையாது, பட்டையில் இருக்கும் பொருளே சுகரை உணர்ந்து வேலை செய்கிறது. எனக்குப் பிடித்த வழி அதுதான். ஆனால் பன்றிக்குட்டியிலிருந்து பள்ளிக்கூடம் போகும் குழந்தை வரைக்கும் நீண்ட தூரம். தினமும் ஒரே அளவு மருந்து இறங்குமா, விளையாடி வியர்த்தால் என்ன ஆகும், தேவைக்கு மேல் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க முடியாதே, இத்தனைக்கும் பதில் வேண்டும்.

வியர்வையும் அப்படித்தான். அதில் குளுக்கோஸ் ரத்தத்தில் இருப்பதில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும், ஏசி அறையில் உட்கார்ந்தால் வியர்வையே இல்லை. கண்ணீரில் அளக்கலாம் என்று கூகுளும் நோவார்ட்டிஸும் 2014-இல் கான்டாக்ட் லென்ஸ் திட்டம் அறிவித்தன, கண்ணீர்ச் சுகரும் ரத்தச் சுகரும் சரியாக ஒத்துப்போகவில்லை என்று 2018-இல் நிறுத்திவிட்டார்கள். இன்னும் பழைய கதை, 2001-இலேயே குளுக்கோவாட்ச் என்று ஒன்றுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. லேசான மின்சாரம் செலுத்தித் தோல் வழியாகக் குளுக்கோஸை வெளியே இழுக்கும். தோல் சிவந்து எரிந்தது, வியர்த்தால் அளப்பதையே விட்டுவிட்டது, சில வருஷத்தில் சந்தையிலிருந்தே போய்விட்டது. இன்றைக்கு உண்மையாக வேலை செய்வது உங்கள் டாக்டர் சொன்ன சென்சார்தான், அது ஐந்து மில்லிமீட்டர் அளவு ஒரு மெல்லிய இழையைத் தோலுக்கு உள்ளே விட்டு அளக்கிறது. தோலைத் தாண்டாமல் இன்னும் யாரும் ஜெயிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தூங்கப் போகும் நேரம், நீளமாகிவிட்டது. அந்த இழை அளப்பது ரத்தத்தை அல்ல, செல்களுக்கு நடுவில் ஊறியிருக்கும் திரவத்தை. அதனால் ரத்தத்தைவிட ஐந்து முதல் பதினைந்து நிமிஷம் பின்தங்கும். தோலுக்கடியில் போடும் வேக இன்சுலினோ வேலை தொடங்கவே கால் மணி நேரம், உச்சத்துக்கு வர ஒரு மணி நேரம், அடங்க மூன்று நாலு மணி நேரம் எடுக்கும். நம் கணையம் இட்லி வாயில் இருக்கும்போதே ஆரம்பித்து நேராக ஈரலுக்கு அனுப்புகிறது. பட்டையோ, உடம்பில் மாட்டி இன்சுலினைச் செலுத்தும் பம்போ எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் செய்தி தாமதமாக வருகிறது, மருந்தும் தாமதமாகப் போகிறது. அதனால்தான் தானியங்கி பம்ப் போட்டவர்களும் சாப்பாட்டுக்கு முன்னால் எவ்வளவு மாவுச்சத்து என்று கணக்குப் போட்டுப் பட்டனை அழுத்துகிறார்கள்.

---

ஹரோப்பிள்ளை எழுதியது:

வணக்கம். நான் லண்டனில் இருக்கிறேன், சொந்த ஊர் சாவகச்சேரி. மூத்த மகனுக்கு 12 வயது, டைப் 1. ஊசிமுனை தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனால் அவர் கொஞ்சம் பயமுறுத்திவிட்டார் போல இருக்கிறது. இரண்டையும் ஒரே பட்டையில் எதிர்பார்க்காமல் இரண்டு பட்டையாக ஒட்டினால் அது இப்போதே இருக்கிறது, எங்கள் வீட்டிலேயே ஓடித் திரிகிறது.

மகனுக்கு ஒரு கையில் டெக்ஸ்காம் சென்சார். மற்றக் கையிலோ வயிற்றிலோ ஆம்னிபாட் 5 என்ற இன்சுலின் பம்ப். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, குழாய் கிடையாது, உள்ளே 200 யூனிட் வரைக்கும் இன்சுலின் நிரப்பலாம், மூன்று நாளைக்கு ஒருக்கால் மாற்ற வேண்டும். ஒட்டிவிட்டுப் பட்டனை அழுத்தினால் டிக் டிக் என்று எண்ணுவது போல ஒரு சத்தம் வரும், பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான், டக்கென்று ஊசி போய் வந்து மெல்லிய குழாயை உள்ளே விட்டுவிடும். அதற்குப் பிறகு ஐந்து நிமிஷத்துக்கு ஒருக்கால் சென்சாரின் எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும். எங்களுக்கு இது காசில்லாமல் கிடைத்தது. இங்கே நைஸ் என்ற அமைப்பு 2023 டிசம்பரில் டைப் 1 பிள்ளைகளுக்கு இப்படியான முறையைக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது, 2024 ஏப்ரலில் இருந்து அரசாங்க மருத்துவச் சேவை படிப்படியாகக் கொடுக்கிறது. உங்கள் நிலைமை வேறு என்று எனக்கு விளங்குகிறது, பெருமைக்காகச் சொல்லவில்லை. இரவில் நாங்கள் நித்திரை கொள்கிறோம். அது ஒன்றுக்காகவே சொல்கிறேன்.

ஆனால் இதன் மற்றப் பக்கத்தையும் கேளுங்கள். பம்பில் வேக இன்சுலின் மட்டும்தான், நீங்கள் இரவில் போடுகிற நீண்ட நேர இன்சுலின் இல்லை. குழாய் எங்காவது மடிந்தால் உடம்பில் கையிருப்பு ஒன்றுமே இருக்காது. போன மாரியில் ஒரு சனிக்கிழமை, புதுப் பாட் ஒட்டி உதைபந்தாட்டத்துக்குப் போனான். 14, 17, 20 என்று ஏறிக்கொண்டே போகிறது (இங்கே வேறு அளவுகோல், உங்கள் கணக்கில் 20 என்றால் 360), பம்ப் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன் என்கிறது, எந்தப் பிழையும் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்த்தால் 2.1, கூடுதல்தான். பேனா ஊசியால் இன்சுலின் போட்டுவிட்டு, பாட்டைக் கழற்றிப் பார்த்தோம், அந்தச் சின்னக் குழாய் கொக்கி மாதிரி வளைந்து கிடந்தது. மருந்தெல்லாம் பஞ்சு மாதிரி ஒட்டுப் பட்டையில் ஊறி, அறை முழுக்க இன்சுலின் மணம். அதனால் பம்ப் வைத்திருக்கிறவர்கள் வீட்டிலும் பேனாவும் கீட்டோன் ஸ்ட்ரிப்பும் எப்போதும் இருக்க வேண்டும்.

காவிரிக்கரை அண்ணை, உங்கள் துணைவியாருக்குச் சொல்லுங்கள், பம்ப் எடுத்தாலும் அதற்குச் சென்சார் வேண்டும். சென்சார் இல்லாத பம்ப் கண் கட்டிய குதிரை. முதலில் சென்சார், அது பழகட்டும்.

---

மதுரைக்காரி எழுதியது:

எங்கள் வீட்டில் பையனுக்கு மெட்ரானிக் 780ஜி, குழாய் உள்ள பம்ப். ஹரோப்பிள்ளை சொன்னதேதான், நல்லா இருக்கு. செலவு மட்டும் இங்கே வேறு. பம்ப் வாங்கும்போது ஒரே தடவை என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். ஆனால் குழாய் செட், மருந்துக் குப்பி, சென்சார் என்று மாதாமாதம் ஓடுவதுதான் ஆளைத் தின்னும். இன்ஷூரன்ஸில் கேட்டோம், வெளிநோயாளிச் செலவு, தர முடியாது என்று ஒரு வரியில் கடிதம் வந்தது. விற்கிறவர்கள் பம்பின் விலையை மட்டும்தான் சொல்வார்கள், ஒரு மாதத்துக்கு என்னென்ன எத்தனை வேண்டும் என்று நீங்கள்தான் பேப்பரில் எழுதி வாங்க வேண்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. சென்சார் ஒட்டிய இடம் வட்டமாகச் சிவந்து, கொப்புளம் வந்தால் வியர்வைதான் என்று பவுடர் போட்டு விடாதீர்கள். பசையில் இருக்கும் ஒரு ரசாயனம் சில பேருக்கு ஒத்துக்கொள்ளாது, தோல் டாக்டரிடம் காட்டுங்கள். எங்களுக்கு அது தெரிய நாலு சென்சார் வீணாயிற்று.

அப்புறம் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுத்தால் சில சென்சாரில் சுகர் ஏறினது போலப் பொய் காட்டும், வேறு சிலதில் வைட்டமின் சி மாத்திரை அதிகமானால் அப்படி. உங்களுடையது எந்த ரகம் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள். யாரும் படிப்பதில்லை, நானும்தான் படிக்கவில்லை.

---

காவிரிக்கரை எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. பட்டை ஆசையை விட்டுவிட்டோம். அலாரம் உள்ள சென்சாராகவே போட்டோம், மாதம் ஒன்று என்று கணக்கு. ஸ்கூலில் போன் கொண்டுவரக் கூடாது என்றார்கள், இரண்டு நாள் நடந்து, டாக்டர் கடிதம் கொடுத்த பிறகு டீச்சர் மேஜையில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள்.

ஐந்தாம் நாள் ராத்திரி 2.40-க்கு அலாரம். 52 என்று காட்டுகிறது. இரண்டு பேரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம், மனைவி குளுக்கோஸ் பொடியைக் கரைக்கிறாள், நான் குழந்தையை எழுப்புகிறேன், அவள் என்னடா என்கிற மாதிரி பார்க்கிறாள், வியர்வையும் இல்லை, நடுக்கமும் இல்லை. அப்போதுதான் சந்தேகம் வந்து விரலில் பார்த்தேன். 118. சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்தேன், பத்து நிமிஷத்தில் அதுவே 110-க்கு வந்துவிட்டது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

இன்னொரு நாள் சாயந்திரம் நிஜமாகவே லோ, 61. 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிஷம் பொறுத்தால் சென்சாரில் இன்னும் 63. பயந்துபோய் இன்னொரு டம்ளர் ஜூஸ் கொடுத்தோம். ராத்திரி 290.

---

இனிப்பில்லாக்காபி எழுதியது:

அந்தக் கையின் மேல் படுத்துத் தூங்கியிருப்பாள் அண்ணா. சென்சார் அழுந்தினால் அந்த இடத்தில் திரவ ஓட்டம் குறைந்து லோ மாதிரி காட்டும், திரும்பிப் படுத்தால் சரியாகிவிடும். எந்தப் பக்கம் படுக்கிறாள் என்று நாலு நாள் பார்த்துவிட்டு அடுத்ததை மற்றக் கையில் ஒட்டுங்கள்.

இரண்டாவது, ஊசிமுனை சொன்ன அந்தத் தாமதம்தான். ரத்தம் ஏறிவிட்டது, சென்சாருக்கு இன்னும் செய்தி போகவில்லை. லோவுக்கு இனிப்புக் கொடுத்த பிறகு 15 நிமிஷம் கழித்துப் பார்ப்பது விரலில்தான், சென்சாரில் அல்ல. அதனால் ஸ்ட்ரிப் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

---

காவிரிக்கரை எழுதியது:

வலது பக்கம்தான் படுக்கிறாள், சென்சாரும் வலது கையில்தான் இருக்கிறது. இன்னும் இரண்டு நாள் பாக்கி, அடுத்தது இடது கை. ஸ்ட்ரிப் இன்றைக்கே ஒரு டப்பா வாங்கி வைக்கிறேன்.